ஒத்திகை பார்த்த அழுகை

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். மெசேஜ் அனுப்பினால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாய். அத்தானுக்குப் போன் செய்தால் "அவ தூங்குறா" என்கிறார். நல்ல வெயில் நேரத்தில், பள்ளிக்கூடம் நடக்கிற நாளில், கணக்கு டீச்சர் எப்படித் தூங்குவாள்? பாவம், அவருக்குப் பொய் சொல்லக்கூட ஒழுங்காக வராது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுப்பாயே.

என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, அதானே? டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது. பழியைப் படிப்பின் மேல் போடாதே.

நீங்கள் வீட்டைக் காலி செய்த அன்று நான் வந்தேன். லாரி கிளம்பிப் போயிருந்தது. மாற்றல் உத்தரவு வந்ததைக்கூட எனக்குச் சொன்னது உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். சாப்பாட்டு மேஜையை மட்டும் வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தாய். மறந்துவிட்டாய் என்று நினைத்து ஆட்டோவில் போட்டு என் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பாதி அறையை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே வேலை அப்படியே இருக்கிறது. பயிற்சியில் இரண்டாம் வருடம் முடியப் போகிறது. நாள் நிறையாமல் பிறந்து, கண்கூட ஒட்டிக்கொண்டிருக்கிற குழந்தைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிலர் தேறி வீட்டுக்குப் போகிறார்கள். எங்கள் கத்தரி மேடம் (எல்லாப் பேச்சையும் பாதியில் வெட்டுகிறவர், உனக்குத் தெரியுமே) இப்போதும் ரவுண்ட்ஸில் என்னை வறுத்தெடுக்கிறார்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் சுண்டு போனதற்காக என் மேல் கோபமா? நான் வேலை செய்கிற இடத்திலேயே, என் கண் முன்னாலேயே அவளைக் காப்பாற்ற முடியவில்லை என்றா? சொந்தக்காரக் குழந்தைக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. மார்ச் மாதம் முழுக்க நான் அவள் பக்கத்தில் டாக்டராக நிற்கவே இல்லை. மற்ற சொந்தக்காரர்களைப் போல முழங்கை வரைக்கும் கை கழுவிவிட்டு, பார்வையாளர் அங்கியைப் போட்டுக்கொண்டு, மாமாவாகத்தான் வந்து நின்றேன். அது உனக்குத் தெரியாதா?

திட்டுவதானால் திட்டி எழுது. ஒன்றும் எழுதாமல் இருக்காதே.

உன் தம்பி

*

ஜூன் 20

டாக்டர் அவர்களுக்கு,

மேஜையை மறக்கவில்லை. வேண்டாம் என்றுதான் விட்டுவிட்டு வந்தேன். எரித்துவிடு.

சுண்டுவைக் காப்பாற்றவில்லை என்று உன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவ்வளவு முட்டாளா நான்? என் ஒரு கையளவுகூட இல்லாமல் பிறந்தவள். பிறந்தபோதே உங்கள் மேடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டார். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

நீ எனக்குச் சொன்னாயே, அதுதான்.

உனக்கு ஞாபகம் இருக்கும். போன வருடம் ஒரு வேடிக்கையான பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். கண்ணாடிக்குப் பின்னால் மேடம் உட்கார்ந்து பார்க்க, நடிக்க வந்த ஒரு பெண்ணிடம் "உங்க குழந்தை இறந்துட்டா" என்று சொல்ல வேண்டுமாம். கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாயாம், ஓடிப்போகிறவன் மாதிரி. போய்ப் பழகிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறவள் நான். "என்கிட்ட சொல்லிப் பழகுடா, நான் அம்மாவா நடிக்கிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அந்த மேஜையில் உட்கார்ந்து நடித்தோம். நீ வருவாய். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாய். கையை முழங்காலில் வைப்பாய். "ஒரு கஷ்டமான விஷயம் சொல்லணும்" என்பாய். நான் "என்ன டாக்டர், பயமுறுத்துறீங்க?" என்பேன். குழந்தையின் பேரைச் சொல்லி, இறந்துவிட்டது என்பாய். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுவேன். பள்ளி ஆண்டு விழாவில்கூட அப்படி நடித்ததில்லை. அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு "எப்படி?" என்பேன். அத்தான் கைதட்டுவார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

இனி அன்றைக்கு வருகிறேன். எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் இருந்தால் பெற்றவளானாலும் உள்ளே விடமாட்டீர்கள் என்பதால் கீழே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிஸ்டர் ஓடிவந்து கூட்டிப்போனார். அந்தச் சின்ன அறையில் உட்கார வைத்தார். மூன்று நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, தூசி படிந்த பிளாஸ்டிக் பூ. நீ உள்ளே வந்தாய். நாற்காலியை இழுத்துப் போட்டாய். உட்கார்ந்தாய். கையை முழங்காலில் வைத்தாய். "அக்கா, ஒரு கஷ்டமான விஷயம் சொல்லணும்" என்றாய்.

நான் சிரித்தேன்.

நீ பார்த்தாயே. நம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் என் புத்திக்குத் தோன்றிவிட்டது. வாயில் என் வசனமும் வந்துவிட்டது. "என்ன டாக்டர், பயமுறுத்துறீங்க?" என்று சொன்னேன். சொன்னேனா இல்லையா? நீ நிறுத்தவில்லை. "சுண்டு இறந்துட்டாக்கா" என்றாய். பிறகு வாயை மூடிக்கொண்டாய், பாடத்தில் இருக்கிறபடி.

அப்புறம் அழுதேன். அழும்போதே தெரிந்தது, இது அதே அழுகை. அதே இடத்தில் மூச்சு முட்டியது. அதே மாதிரி கை விளிம்பைத் தேடிப் போனது. அங்கே மேஜை இல்லை.

பெற்ற பெண்ணுக்கு அழ எனக்கென்று ஓர் அழுகை மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் உன் பரீட்சைக்குக் கொடுத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் அந்த அறைக்குள் போய்விடுகிறேன். போனை எடுக்காததற்குக் காரணம் இதுதான். அத்தானைத் தொந்தரவு செய்யாதே.

*

ஜூலை 1

அக்கா,

டாக்டர் அவர்களுக்கு என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இருக்கிறது. உன் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியருக்குக்கூட இவ்வளவு மரியாதையாக எழுதியிருக்க மாட்டாய்.

எல்லாவற்றையும் எழுதினாய், ஒன்றை விட்டுவிட்டாய். கையை முழங்காலில் வை என்று சொன்னது யார்? எங்கள் பாடத்தில் அது இல்லை. "பாக்கெட்டுல கைய விட்டுக்கிட்டு சாவு சேதி சொல்லாதடா" என்று என் கையை எடுத்து வைத்தவள் நீ. நின்றுகொண்டு சொல்லாதே, மேலே இருந்து கல் விழுகிற மாதிரி இருக்கிறது என்றவள் நீ. குழந்தையின் பேரைச் சொல், சொல்லிவிட்டு வாயை மூடு, அவள் பேசுகிறவரைக்கும் இடத்தை நிரப்பாதே என்றவளும் நீதான். அடுத்த பரீட்சையில் மேடமே ஆச்சரியப்பட்டார். நீ சொல்லிக்கொடுத்ததை உன்னிடமே சொன்னேன். அதற்கு மூன்று மாதம் தண்டனை.

அன்று மேடம் "வேணாம், நான் சொல்றேன்" என்றார். "என் அக்கா. நான்தான் சொல்வேன்" என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். பயிற்சி மண்ணாங்கட்டி எதுவும் வேண்டாம், அக்கா என்று கூப்பிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட வேண்டும் என்றுதான் தாழ்வாரம் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்ததும் கை தானாக நாற்காலிக்குப் போய்விட்டது. தொண்டையில் மூச்சுக் குழாய் போடுவதற்கு ரப்பர் பொம்மையை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பழகுகிறோமே, எதற்கு? மூளை நின்றுபோனாலும் கை நிற்கக் கூடாது என்றுதான். அன்று என் மூளை நின்றுபோய்விட்டது. கை நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. நீ சிரித்ததைப் பார்த்தேன். நிறுத்த முடியாமல்தான் மேலே போனேன்.

நீ அழுதாய். பழைய அழுகையோ புதிய அழுகையோ, அழுதாய். நான் இன்னும் அழவில்லை. சுண்டு எனக்கு யாருமில்லையா? யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சுக்குப் பிறகு நான் ஒரு பெற்றோரிடமும் கெட்ட செய்தி சொன்னதில்லை. அந்த அறைக் கதவு வரைக்கும் போவேன், பிறகு நெட்டையை அனுப்பிவிடுவேன். நெட்டை என்னோடு படிக்கிறவன், நல்லவன், ஒன்றும் கேட்காமல் போய்ச் சொல்லிவிட்டு வருவான். மேடம் கண்டுபிடித்துவிட்டார். "இதைச் சொல்லத் தெரியாதவன் கையில நான் குழந்தையைக் கொடுக்க மாட்டேன். இருக்கறதா போறதான்னு முடிவு பண்ணு" என்றார். போய்விடலாம் என்றுதான் தோன்றுகிறது. எங்கேயாவது ஒரு கிளினிக்கில் சளி இருமலுக்கு மருந்து எழுதிக்கொண்டு இருந்துவிடுவேன். அங்கே யாரும் சாக மாட்டார்கள்.

மேஜையை எரிக்க முடியாது. வாடகை வீடு.

தம்பி

*

ஜூலை 11

தம்பிக்கு,

கோபமாக எழுதியிருந்தாய். படித்தபோது நிம்மதியாக இருந்தது. இதை யாரும் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

முழங்காலில் கை வைக்கச் சொன்னது நான்தான். மறக்கவில்லை. அதை எழுத வரவில்லை, ஏன் என்று சொல்கிறேன். இதை அத்தானிடமும் சொன்னதில்லை.

அந்த மேஜையில் நாம் எத்தனை குழந்தைகளைச் சாகடித்தோம்? ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பேர் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்தேன். ஒரு தடவை இரட்டைக் குழந்தை என்றேன், உனக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்று. கடைசி ஒத்திகை அக்டோபரில். அன்றைக்குத்தான் நான் ரொம்ப நன்றாக நடித்தேன், அத்தானே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது சுண்டு என் வயிற்றில் இருந்தாள். எனக்கே தெரியாது. தெரிந்தது அதற்கப்புறம்தான்.

அவள் உள்ளே இருந்து கேட்டிருப்பாள். "என் பொண்ணு போயிட்டாளா" என்று அவளுடைய அம்மாவே சத்தம் போட்டு அழுததை.

வாய்முகூர்த்தம் என்பார்களே. நான் படித்தவள், பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவள், இதையெல்லாம் நம்பக் கூடாது. கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறபோது நம்புவதும் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது நம்பிவிடுகிறேன். அத்தான் ஒருநாள் வாய் தவறி அவர் அம்மாவிடம் அந்த ஒத்திகையைப் பற்றிச் சொல்லிவிட்டார். மாமியார் திட்டியிருந்தால் தேவலை. "விளையாட்டுக்குக்கூட அப்படிப் பேசலாமாம்மா" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். மேஜையை நான் விட்டுவிட்டு வந்தது இதற்காகத்தான். அதில் உட்கார்ந்து இன்னொரு வாய் சாப்பிட என்னால் முடியாது.

உன் மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது. கோபம் பொய்யில்லை. ஆனால் அதில் பாதி என் மேல் இருந்தது.

வேலையை விடுவதும் விடாததும் உன் இஷ்டம். விட்டால் விடு. அதற்குச் சுண்டுவைச் சாக்காக இழுக்காதே.

அக்கா

*

ஜூலை 19

அக்கா,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதைப் படி, இரண்டு தடவை படி.

அக்டோபரில் அவளுக்குக் காது கிடையாது. உள்காது உருவாகி, அது மூளையோடு சேர்ந்து, சத்தம் என்று ஒன்று அவளுக்குள் போவதற்கு இன்னும் மாதக்கணக்கு இருந்தது. உன் வயிற்றில் அவள் அப்போது ஒரு பயறு அளவு. நீ அழுததை அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கவே முடியாது. தம்பி ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைக்காதே. இதற்குத்தான் என்னை இத்தனை வருடம் படிக்க வைத்தீர்கள். உன் தண்ணீர்க்குடம் முன்னதாக உடைந்தது கிருமித் தொற்றால். அந்தக் கிருமிக்கு நம் வீட்டு மேஜையைத் தெரியாது. இதை உன் மாமியாருக்கும் படித்துக் காட்டு.

அவள் உன் குரலைக் கேட்டாள். அது உண்மை. பிறந்த பிறகு கேட்டாள். "இன்குபேட்டர் ஓட்டை கிட்ட வாய வச்சு ஏதாவது பேசுங்கம்மா, பாட்டு பாடுங்க" என்று சிஸ்டர் சொன்னார். நீ முழித்தாய். பாட்டுக்கும் உனக்கும் ஏழாம் பொருத்தம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓரிரண்டு ரெண்டு, ஈரிரண்டு நாலு" என்று ஆரம்பித்தாய். பக்கத்து இன்குபேட்டர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறந்த பிள்ளைக்கு டியூஷன் ஆரம்பித்துவிட்டாள் என்று யூனிட் முழுக்கப் பேச்சு. ஆனால் நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த அவள் இதயத் துடிப்பு நாலாம் வாய்ப்பாட்டுக்கு வருவதற்குள் நிதானமாகிவிட்டது. அதற்கப்புறம் தினமும் பார்த்தேன். அவள் தெரிந்துகொண்ட உன் குரல் அதுதான். உன்னுடைய வேறு எந்தக் குரலும் அவளுக்குத் தெரியாது.

இனி என் கதை. நேற்று நெட்டை விடுப்பு. மேடம் பிரசவ அறையில் வேறொரு குழந்தையோடு இருந்தார். ஓர் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. என்னைத் தவிர யாரும் இல்லை.

உள்ளே போனேன். நாற்காலியைத் தொட்டேன், இழுக்க முடியவில்லை. நீ சிரித்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன புரிந்ததோ தெரியவில்லை, எழுந்து நாற்காலியை அவரே என் பக்கம் நகர்த்தி, "உக்காருங்க டாக்டர்" என்றார்.

உட்கார்ந்தேன். சொன்னேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. குழந்தையின் பேரைச் சொன்னது நினைவிருக்கிறது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் ரொம்ப நேரம் அழுதார், நான் அங்கேயே இருந்தேன். எழுந்து போகும்போது, "நீங்க போயிடாம உக்காந்திருந்தீங்க" என்றார்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க ஒரு தாள் எடுத்து வைத்திருந்தேன். அதன் பின்பக்கத்தில்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் "மதிப்பிற்குரிய மேடம்" என்று இருக்கும். அதற்கு மேல் எழுதவில்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

திருப்பிப் பார்த்தேன். அங்கே மதிப்பிற்குரிய என்பதில்கூட 'ற்' எழுத்தை விட்டிருக்கிறாய், உருப்படுவாயா நீ.

காதைப் பற்றி எழுதிய பக்கத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். "டாக்டர் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தூக்கம் கெட்டுத்தான் இருந்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் இருந்திருக்கிறோம்.

எனக்கு இப்போது ஒன்று புரிகிறது. நாலு நாளாக அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

அன்று அந்த அறையில் நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. என் காதில் விழுந்தது, எனக்குள் போகவில்லை. நான் அப்போது அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து நடித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் என்னென்னவோ நடந்தது. சுண்டுவைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தீர்கள், ஒன்றும் கனக்கவேயில்லை. யார் யாரோ வந்தார்கள், வீடு மாறினோம், பள்ளிக்கூடம் சேர்ந்தேன். ஆனால் என் மகள் செத்துப்போன செய்தியை எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை தம்பி. அப்படித்தான் எனக்கு இருக்கிறது. காலையில் எழுந்திருக்கும்போது யாரோ வந்து சொல்லப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கிறது.

அதனால் நீ இப்போது சொல். நாற்காலி வேண்டாம். கஷ்டமான விஷயம் என்ற பீடிகை வேண்டாம். நான் கீழே காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தபோது மேலே என்ன நடந்தது? மேடம் ஏதோ சொன்னார், நுரையீரல், ரத்தக் கசிவு என்று. அதெல்லாம் அவருடைய பேச்சு. நான் கேட்பது ஒன்றைத்தான். அவள் தனியாக இருந்தாளா?

எது உண்மையோ அதை எழுது. தனியாக இருந்தாள் என்றால் அதையே எழுது. எனக்காக மாற்றி எழுதாதே. மாற்றினால் எனக்குத் தெரிந்துவிடும், சின்ன வயதிலிருந்து உன் விடைத்தாளைத் திருத்தியவள் நான்.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அக்கா,

சுண்டு செத்துப்போய்விட்டாள். அவள் தனியாக இல்லை. என் கையில் இருந்தாள்.

உனக்குக் காய்ச்சல், அத்தானும் வேலைக்குப் போயிருந்தார் என்பதால் அன்று மத்தியானம் உன் இடத்தில் நான் வந்து உட்கார்ந்தேன். என் வேலை நேரம் முடிந்திருந்தது. கை கழுவி, அங்கி மாட்டிக்கொண்டு வந்தேன். "மாமாவுக்கு இன்னிக்கு அம்மா டியூட்டியா" என்று சிஸ்டர் கேலி செய்தார். சுண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை விரல்களை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தாள். ஓட்டைக்குள் கையை விட்டு என் சுண்டுவிரலைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். அந்தப் பேர் அதனால்தானே வந்தது.

திடீரென்று மூச்சுக் குழாயில் சிவப்பாக வந்தது. நான் பார்த்த நொடியிலேயே அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். கூப்பிட்டேன், எல்லாரும் ஓடிவந்தார்கள். மேடம் என்னைப் பார்த்து, "நீ தள்ளி நில்லு" என்றார். பெற்றவர்கள் கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒருவர் உன்னைக் கூட்டிவரக் கீழே ஓடினார்.

அவர்கள் செய்தது எல்லாமே சரி அக்கா. ஒன்றையும் விடவில்லை. அடுத்து இது, அடுத்து இது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன், அவர்கள் அதையே செய்துகொண்டு வந்தார்கள். கடைசியில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இதயம் மட்டும் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது, அதுவும் குறைந்துகொண்டே வந்தது. மேடம் திரும்பினார். அங்கே பெற்றவர்களை நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அம்மா வாங்க, அப்பா வாங்க என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வருடமாக என்னை டாக்டர் என்று மட்டும் கூப்பிட்டவர், "மாமா, வாங்க" என்றார்.

உனக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டேன். "காத்திருக்க மாட்டா. இப்பவே எடுத்துக்குங்க" என்றார். நீ மாடி ஏறிக்கொண்டிருந்தாய். நீ வரவில்லை என்று ஒருநாளும் நினைக்காதே, நீ வந்துகொண்டுதான் இருந்தாய். மேடம் குழாயை எடுத்துவிட்டு அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தார். முதல் தடவையாக வயர் எதுவும் இல்லாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கு உன் மூக்கு. சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தாள்.

அவளிடம் பேசு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. நீ பேசுகிற மாதிரி இருக்கட்டும், அவளுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும் என்று வாய்ப்பாடு சொன்னேன். உன் மாதிரியே இழுத்து இழுத்துச் சொன்னேன். இரண்டு, மூன்று, நாலு. அவள் நெற்றியில் சுருக்கம் இருந்தது, அது விரிந்தது. நான் பார்த்தேன், மாற்றி எழுதவில்லை. ஐந்து, ஆறு. ஒரு சிஸ்டர் என் பின்னால் நின்று முதுகில் கை வைத்திருந்தார். ஏழாம் வாய்ப்பாடு வந்தது. ஏழேழு நாற்பத்தொன்பது என்றேன். ஏழெட்டு என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். எனக்கு வரவில்லை. சின்ன வயதில் நீ ஸ்கேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் நான் நிற்கிற இடம் அதுதானே, முட்டை என்று நீ எனக்குப் பேர் வைத்ததும் அங்கேதானே. ஏழெட்டு, ஏழெட்டு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மேடம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

மிச்சத்தை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் உன்னிடம் வந்தேன்.

இதை எழுதும்போது அழுதுவிட்டேன். மேஜை நனைந்துவிட்டது. மையும் கலைந்திருக்கும், கையெழுத்தைத் திட்டாதே.

முட்டை

*

ஆகஸ்ட் 16

டேய் முட்டை,

ஏழெட்டு ஐம்பத்தாறு. ஏழொன்பது அறுபத்துமூன்று. ஏழுபத்து எழுபது.

எட்டு, ஒன்பது, பத்து எல்லாவற்றையும் சேர்த்து அவளுக்குச் சொல்லி முடித்துவிட்டேன். அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன். நடுவில் அழுகை வந்தது. அது எனக்குத் தெரியாத அழுகை. எங்கே மூச்சு முட்டும், எப்போது நிற்கும் என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வேலையை விட்டாய் என்றால் காலை ஒடித்துவிடுவேன். மேஜையை எரிக்காதே, துடைத்து வை. விடுமுறைக்கு வரும்போது அதில்தான் சாப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எடுக்கிறேன். எடுத்துவிட்டு நான் ஒன்றும் பேசாமல் இருந்தால் பயந்துபோய் வைத்துவிடாதே. நீயும் ஒன்றும் பேசாதே. கூட இரு.

அக்கா